சீனி பார்த்தாயிற்று, மார்பகம் பார்த்தாயிற்றா?

சலரோகம் எட்டிப் பார்க்காத தமிழ்க் குடும்பம் ஒன்றைக் காட்டும்படி எவரேனும் கேட்டால் நாம் நீண்ட நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சரி, ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சரி, இருவர் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு "சீனி எவ்வளவு?" என்றும் விசாரிக்கப்படுகிறது. அந்த வருத்தத்தைப் பற்றிப் பேச எவரும் கூச்சப்படுவதில்லை. கலியாண வீட்டில் இனிப்புத் தட்டை விலக்கும்போது "எனக்குச் சீனி" என்று உரத்த குரலிலேயே சொல்கின்றோம். இன்னொரு நோய்க்கோ எமது வீடுகளில் பெயரே இல்லை. "கூடாத வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகின்றோம். அது மார்பகத்தில் வந்த புற்றுநோயாயின் அந்தத் தாழ்ந்த குரலும் அடங்கிவிடுகிறது.

இந்த இரு நோய்களும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள் அல்ல. சலரோகம், அதாவது நீரிழிவு, உள்ள பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புச் சற்று அதிகம். வந்தால் அது பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதும் அதிகம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கியுள்ளன. முதலாவது நோய் எமது பெண்களிடையே இவ்வளவு பரவியிருக்கையில், இரண்டாவதைப் பற்றி வாய்மூடி இருப்பது நியாயமன்று. எவரையும் கலங்கவைப்பது எமது நோக்கமன்று. செய்யக்கூடியவை பல இருக்கின்றன என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

நாம் எழுதுவது ஜுபைலிலிருந்து. சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், வளைகுடாக் கரையில் அமைந்த ஊர் இது. முன்னொரு காலத்தில் மீன்பிடியாலும் முத்துக்குளிப்பாலும் பிழைத்த சிற்றூர். 1975ஆம் ஆண்டு ஜுபைலுக்கும் யன்புவுக்குமான அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டதன் பின்னர் மணல்வெளி தொழில்நகரமாயிற்று. எம்மவர் சிலர் இங்குள்ள ஆலைகளில் இரவு பகல் முறை மாறி வேலை செய்கின்றனர். பெண்களில் சிலர் கணவருடன் வந்தவர்கள். வேறு சிலர் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வீட்டுப் பணிக்குத் தனியே வந்தவர்கள். எமது உறவுகளோ அகதிகளாக உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றனர். எமது குடும்பத்தையே எடுத்துக்கொண்டால், தங்கை ஒஸ்லோவில், மைத்துனி ரொறன்ரோவில், சித்தப்பா குடும்பம் தமிழகத்து முகாமொன்றில். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசும்போது எல்லாத் திசையிலிருந்தும் வருவது ஒரே செய்திதான்: இன்னாருக்கும் சீனியாம்.

ஜுபைலில் சீனி வருவதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கோடை மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுகிறது. வெளியே நடமாட முடிவதில்லை. குளிரூட்டிய அறை, குளிரூட்டிய வாகனம், குளிரூட்டிய கடை என்று பொழுது போகிறது. சோறும் இறைச்சியும் இனிப்புப் பானமும் மலிவாகக் கிடைக்கின்றன. இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சலரோகம் உண்டு. இந்நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோய். அதுவும் எமது கிழக்கு மாகாணத்திலேயே அதிகம் பதிவாகிறது. அமெரிக்காவில் இந்நோய் கண்டுபிடிக்கப்படும் பெண்களின் நடு வயது 62. இங்கோ ஏறத்தாழ 50. இரண்டு நோய்களும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஊர் இது.

குளிர் நாட்டுக்குப் போனவர்கள் தப்பிவிட்டார்கள் என்றும் இல்லை. ஒஸ்லோ நகரின் ரொம்சோஸ், ஃபூருசெத் ஆகிய பகுதிகளில் 2000ஆம் ஆண்டு அளவில் ஓர் ஆய்வு நடந்தது. எம்மவர் உட்படத் தென்னாசியர் பலர் வாழும் பள்ளத்தாக்கு அது. நடுத்தர வயதுத் தென்னாசியப் பெண்களில் 27.5 சதவீதத்தினருக்குச் சலரோகம் இருப்பதை அந்த ஆய்வு கண்டது. அதே தெருக்களில் வாழ்ந்த மேற்கத்தியப் பெண்களிடம் அது 2.9 சதவீதம் மட்டுமே. எமது ஆண்களை விடவும் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். தாய்மண்ணில் கிணற்றடிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் நடந்த கால்கள், அடுக்குமாடியில் அடைபட்டபின் சும்மா இருக்கின்றன. சோற்றுக் கோப்பை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

இனி அந்த உறவுக்கு வருவோம். அமெரிக்காவில் 116,488 தாதியரை 1976 முதல் 1996 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2003இல் வெளிவந்தது. முதிர்ந்த வயதில் வரும் இரண்டாம் வகைச் சலரோகம் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களை விட 17 சதவீதம் அதிகம் என்று அது கூறியது. 2012இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்த அதிகரிப்பு 27 சதவீதமாயிற்று. இந்த இலக்கங்களைக் கண்டு எவரும் திகைக்க வேண்டியதில்லை. கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்வோம். சலரோகம் இல்லாத ஆயிரம் பெண்களில் 50 பேருக்கு இந்நோய் வருமெனில், சலரோகம் உள்ள ஆயிரம் பெண்களில் ஏறத்தாழ 60 பேருக்கு வரும். மிகுதி 940 பேருக்கு வராது. சலரோகம் வந்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்பது பொய். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதும் பொய்.

இந்த அதிகரிப்பு மாதவிடாய் நின்ற பெண்களிடமே தெளிவாகக் காணப்படுகிறது. சிறுவயதில் வரும் முதலாம் வகைச் சலரோகத்தில் இத்தொடர்பு காணப்படவில்லை. காரணத்தை வைத்தியர்கள் இவ்வாறு விளக்குகின்றனர். இரண்டாம் வகைச் சலரோகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. ஆகவே சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சீனியை மட்டும் கவனிக்கும் வேலையாள் அன்று. கலங்களை "வளருங்கள், பெருகுங்கள்" என்று தூண்டும் இயல்பும் அதற்குண்டு. மார்பகத்தின் கலங்களும் அந்தக் கட்டளையைக் கேட்கின்றன. அடுத்தது கொழுப்பு. மாதவிடாய் நின்ற பின் சூலகம் ஓய்ந்துவிட, உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஓமோனைச் செய்யும் பட்டறையாகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஏற ஏற ஈஸ்ட்ரோஜனும் ஏறுகிறது. இன்சுலின் மிகுந்திருந்தால் அந்த ஓமோனைக் கட்டிவைக்கும் புரதமும் இரத்தத்தில் குறைகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜனை உண்டு வளர்பவை.

ஆயினும் எமது கருத்தில் பெரிய ஆபத்து இந்தக் கலங்களின் கதையில் இல்லை. அது கவனத்தின் கதையில் இருக்கிறது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மார்பகக் கதிர்ப்படமான மமோகிராம் இலவசம். சலரோகம் உள்ள பெண்கள் மற்றவர்களை விட அடிக்கடி வைத்தியரிடம் போகின்றனர். அப்படியானால் அவர்களே கூடுதலாக மமோகிராம் எடுத்திருக்க வேண்டுமல்லவா? 2005இல் வெளியான ஆய்வு நேர்மாறாகக் கண்டது: சலரோகம் உள்ள பெண்களே அதனைக் குறைவாக எடுத்திருந்தனர். அதே மாகாணத்தில் 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு, சலரோகம் உள்ள பெண்களின் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போதே கூடுதலாக முற்றியிருந்ததைக் காட்டியது. பத்து நிமிடச் சந்திப்பில் சீனி, இரத்த அழுத்தம், கண், பாதம், சிறுநீரகம் என்று பேசி முடிய நேரமும் முடிந்துவிடுகிறது. மார்பகத்தின் முறை வருவதே இல்லை.

எமது பெரியம்மா ஒருவரின் கிளினிக் கொப்பியை நாம் பார்த்திருக்கின்றோம். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியுடன் அவர் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனது அந்தக் கொப்பியைத்தான். பின்னர் மாதம் தவறாமல் கிளினிக் சென்றார். கொப்பிகள் மாறின, இலக்கங்கள் நிறைந்தன. பதினாறு ஆண்டுகளின் சீனி அளவு அங்கே இருந்தது. மார்பகம் பற்றி ஒரு வரியும் இல்லை. எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபின்னும் பதினொரு மாதம் சொல்லவில்லை. இளைய மகளின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "தாய்க்குக் கூடாத வருத்தமாம்" என்று சொல் பரவினால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று பயந்தார். கலியாணம் சிறப்பாக நடந்தது. பேரப்பிள்ளையைத் தூக்க அவர் இருக்கவில்லை.

இத்தகைய மௌனம் எமக்கு மட்டும் உரியதன்று. சவூதியிலும் இந்நோயின் பெயர் சபையில் சொல்லப்படாமலே இருந்தது. ஜித்தாவைச் சேர்ந்த மகப்பேற்று வைத்தியரான சாமியா அல்-அமூதிக்கு 2006இல் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. பத்திரிகையில் தம் பெயரிட்டே தமது நோயைப் பற்றி எழுதினார். வைத்தியராகிய தாமே கூச்சப்பட்டால் மற்றப் பெண்களின் கதி என்ன என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஒரு பெண் வாய் திறந்ததன் பயனாகப் பல பெண்கள் வைத்தியசாலைக்கு வந்தனர். இன்று ஒக்ரோபர் மாதம் வந்தால் இந்நாட்டின் கடைத்தெருக்களிலும் இளஞ்சிவப்புப் பட்டியைக் காண முடிகிறது.

வீட்டுப் பணிக்கு வந்த எமது சகோதரிகளின் நிலை வேறு. "சீனி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்ற பயத்தில் மெற்போமின் குளிசையை மருந்துக் கடையில் வாங்கித் தாமாகவே விழுங்குவோரை நாம் அறிவோம். சீனியையே மறைப்பவர் மார்பில் கட்டி வந்தால் எவரிடம் சொல்வார்? அவர்களுடன் பழகும் குடும்பப் பெண்கள் நாமே கேட்க வேண்டும். துணைக்கும் போக வேண்டும்.

அகதி நாடுகளில் இன்னொரு தடை உண்டு. தாய்க்கு மொழி தெரியாது. வைத்தியரிடம் மொழிபெயர்ப்பவன் பன்னிரண்டு வயது மகன். சீனியை அவன் மூலம் சொல்லலாம். முலைக்காம்பில் நீர் கசிகிறது என்பதை எந்தத் தாய் மகனைக் கொண்டு சொல்வாள்? "வேறொன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புகிறாள். பல நாடுகளில் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். பெண் வைத்தியரையும் கேட்கலாம். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே கேட்பது நல்லது. அதேபோல், அரசாங்கம் அனுப்பும் பரிசோதனை அழைப்புக் கடிதம் விளம்பரத் தாள்களுடன் குப்பைக்குப் போகாதபடி பிள்ளைகள் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 50 வயது முதல் 71ஆவது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுக்கொரு முறையும், நோர்வேயில் 50 முதல் 69 வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அழைக்கின்றனர். பிரான்சில் 50 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கொரு முறை. ஒன்ராறியோவில் 2024 ஒக்ரோபர் முதல் 40 வயதுப் பெண்களும் வைத்தியரின் கடிதமின்றித் தாமே பதிவு செய்யலாம்.

சில வதந்திகளையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். இன்சுலின் ஊசி போட்டால் புற்றுநோய் வரும் என்ற பேச்சு 2009இல் உலகெங்கும் கிளம்பியது. கிளார்ஜின் என்னும் நீண்டநேர இன்சுலினைப் பற்றி அவ்வாண்டு வெளிவந்த சில கட்டுரைகளே காரணம். பின்னர் 12,500 பேருக்கு மேல் பங்குபற்றிய பெரிய பரிசோதனையின் முடிவு 2012இல் வந்தது. அந்த இன்சுலினால் புற்றுநோய் கூடவில்லை. வதந்தியை நம்பி ஊசியை நிறுத்தியவர்கள் உண்மையான ஆபத்தைத் தேடிக்கொண்டார்கள். மறுபுறத்தில், மெற்போமின் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் பரவியது. சலரோகம் இல்லாத மார்பகப் புற்றுநோயாளர் 3,649 பேரிடம், ரொறன்ரோவைச் சேர்ந்த வைத்தியர் பமெலா குட்வின் தலைமையில் அதனைச் சோதித்தனர். 2022இல் வந்த முடிவு: மெற்போமின் நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. அது சீனிக்கு நல்ல மருந்து. அந்த அளவில் அதை மதிப்போம். பாகற்காயும் வெந்தயமும் உணவில் இருக்கட்டும். கட்டிக்கு அவை மருந்தாகா.

கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை தீங்கற்றவை. நெடுங்காலம் இன்சுலின் போடும் பெண்கள் சிலருக்குச் சலரோகத்தாலேயே மார்பில் கடினமான, தீங்கற்ற கட்டி ஏற்படுவதும் உண்டு. ஆனால் எது எதுவென்று விரலால் சொல்ல முடியாது. படம் எடுத்து, வேண்டுமாயின் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தே சொல்லலாம். மார்பிலோ கக்கத்திலோ புதிய கட்டி, தோல் குழிவிழுதல், தோடம்பழத் தோல்போல் தடித்தல், முலைக்காம்பு உள்ளிழுபடுதல், அதில் இரத்தம் கசிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நாள் கடத்தக் கூடாது. நோவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணவும் கூடாது. ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் நோவதில்லை.

புற்றுநோய் வந்துவிட்டவர்கள் சீனியை மறந்துவிடுவதும் நடக்கிறது. சிகிச்சையின்போது கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் மருந்துகள் சீனியை விரைவாக ஏற்றக்கூடியவை. ஆகவே புற்றுநோய் வைத்தியரிடம் "எனக்குச் சலரோகம் உண்டு" என்று முதல் நாளே சொல்ல வேண்டும். எடுக்கும் குளிசைகள் அனைத்தையும் காட்ட வேண்டும். சீனி சாப்பிட்டால் கட்டி வளரும் என்று பயந்து பட்டினி கிடப்பதும் தவறு. சிகிச்சையைத் தாங்க உடலுக்கு உணவு வேண்டும்.

இரண்டு நோய்களையும் ஒரே இடத்தில் பார்ப்பது இயலாத காரியமன்று. இலங்கையில் 1996இல் "வெல் வுமன்" கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. 35 வயதைத் தாண்டிய பெண் ஒருத்திக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து அனைத்தையும் ஒரே வருகையில் பார்ப்பது அவற்றின் நோக்கம். அத்திட்டம் தொடங்கிய ஆண்டில் வடக்கின் பெண்கள் பலர் மரநிழலிலும் பாடசாலைகளிலும் இடம்பெயர்ந்து கிடந்தனர். எமது தலைமுறையில் பலருக்கு அது தெரியாமலே போயிற்று. இன்று அவை நாட்டின் எல்லாப் பாகங்களிலும் நடக்கின்றன. தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று உண்டு. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பல்லாயிரவர் நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது அது. ஊரில் இருக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் பணம் அனுப்பும் நாம், இந்தச் செய்தியையும் அனுப்பலாம். தமிழகத்தில் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சீனி மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. முகாமில் உள்ள எமது பெண்கள், மருந்து கொண்டுவரும் பெண்ணிடமே மார்பகப் பரிசோதனை எங்கு செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இரு நோய்களுக்கும் பொதுவான தடுப்பு ஒன்று உண்டு. அதற்குக் காசும் வேண்டாம். உடலை அசைப்பதும் எடையைக் குறைப்பதுமே அது. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சலரோகத்தின் விளிம்பில் நின்றவர்கள் நடையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் அந்நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்துக்கொண்டனர். மெற்போமின் குளிசை கொடுத்த குழுவும் ஏறத்தாழ அதே அளவு பயனே பெற்றது. சோறும் சாம்பாரும் உண்ணும் எம் போன்ற உடல்களில் கண்ட உண்மை இது. மாதவிடாய் நின்ற பின் எடை ஏறாமல் பார்ப்பதும் நாள்தோறும் நடப்பதும் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பையும் குறைக்கின்றன. ஜுபைலில் வெயில் தாழ்ந்தபின் ஃபனாதீர் கடற்கரையில் எமது பெண்கள் சிலர் சேர்ந்து நடக்கத் தொடங்கியிருக்கின்றோம். நடக்கும்போது பேச்சு வரும். பேச்சில் பயமும் வெளியே வரும். சென்ற மாதம் அந்த நடையில்தான் ஒரு சகோதரி, மூன்று மாதமாகத் தனக்குள் வைத்திருந்த செய்தியை எம்மிடம் சொன்னார். அடுத்த வாரமே பரிசோதனைக்குச் சென்றார். தீங்கற்ற கட்டி என்று முடிவு வந்தது. அந்த மூன்று மாதமும் அவர் தூங்காமல் கழித்த இரவுகளை எண்ணிப் பார்க்கின்றோம்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் சீனி இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஆண்கள் எம்மிடையே உண்டு. அது நல்ல பழக்கம். அவள் மமோகிராம் எடுத்த ஆண்டையும் அவ்வாறே அறிந்து வைத்திருங்கள். அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், வாகனத்தில் கூட்டிச் செல்வதும் உங்களால் ஆகக்கூடியவை.

அன்புள்ள சகோதரிகளே, அடுத்த முறை சீனி பார்க்கப் போகும்போது வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எனது மார்பகத்தை எப்போது பரிசோதிக்க வேண்டும்?" அவர் சொல்லும் திகதியைச் சீனி அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தாய்க்கும், மாமியாருக்கும், அயலில் தனித்திருக்கும் பெண்ணுக்கும் அவ்வாறே எழுதிக் கொடுங்கள். தாழ்ந்த குரலில் கேட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டு வாருங்கள்.